செட்டிங்ஸ் திறக்கவில்லையா? ஃபார்மட் அடிப்பதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

விண்டோஸ் கணினியில் செட்டிங்ஸை அழுத்தினால் ஒரு நொடி மின்னிவிட்டு மறைந்துவிடுகிறது. அல்லது கன்ட்ரோல் பேனலைத் திறக்கப்போனால், இந்தக் கணினியில் கட்டுப்பாடுகள் இருப்பதால் இதைச் செய்ய முடியாது, உங்கள் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டரிடம் கேளுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. இன்னும் சிலருக்கு எல்லாம் ஒழுங்காகத் திறக்கும், ஆனால் மாற்ற வேண்டிய அந்த ஒரு பொத்தான் மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும். வீட்டில் இருப்பதே ஒரு லேப்டாப், அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் என்று யாரைப் போய்த் தேடுவது? கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒரே மருந்துதான்: "ஃபார்மட் போட்டுடலாம் சார்."

போடலாம், வேலை செய்யும். ஆனால் முக்கால்வாசி நேரம் அது தேவையே இல்லை. சில சமயம் ஃபார்மட் போட்டும் பிரச்சினை திரும்பி வரும், அது ஏன் என்று கீழே சொல்கிறேன். முதலில் செய்ய வேண்டியது, உங்களுக்கு 'முடியாது' என்று சொல்வது யார் என்று கண்டுபிடிப்பது. செட்டிங்ஸ் செயலியே பழுதாகியிருக்கலாம். உங்கள் கணக்குக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். யாரோ அல்லது ஏதோ ஒரு மென்பொருள் வேண்டுமென்றே பூட்டியிருக்கலாம். இல்லாவிட்டால் கணினி இன்னும் ஒரு நிறுவனத்தின் பிடியிலேயே இருக்கலாம். நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு, ஒன்றுக்கானதை இன்னொன்றுக்குச் செய்தால் நேரம்தான் வீண்.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளையும் மெனுப் பெயர்களையும் உச்சரிப்பு வழியே தமிழ் எழுத்தில் தருகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். நான் சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும், மெனுப் பெயர் ஒன்றிரண்டு இடத்தில் கொஞ்சம் மாறலாம், அவ்வளவுதான்.

முதலில் இரண்டு சோதனை

விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ரன் என்ற சின்னப் பெட்டி வரும். அதில் 'கன்ட்ரோல்' என்று தட்டி என்டர் அடியுங்கள், கன்ட்ரோல் பேனல் திறக்க வேண்டும். அதை மூடிவிட்டு மறுபடி ரன் பெட்டியில் 'எம்எஸ்-செட்டிங்ஸ்:' என்று, நடுவில் சிறுகோடு, கடைசியில் முக்காற்புள்ளியோடு தட்டுங்கள், செட்டிங்ஸ் திறக்க வேண்டும். கன்ட்ரோல் பேனல் வருகிறது, செட்டிங்ஸ் மட்டும் வரவில்லை என்றால் அநேகமாக அது செயலியின் பழுது. இரண்டுமே வரவில்லை, அதோடு கட்டுப்பாடு என்று சொல்லும் அந்தப் பெட்டியும் வருகிறது என்றால் அது பூட்டு. ஏனென்றால் விண்டோஸில் இதற்கென்றே இருக்கும் பாலிசி (அட்மின் போடும் கட்டுப்பாடு) இரண்டையும் சேர்த்துத்தான் அடைக்கும்.

இரண்டாவது சோதனை, வேறொரு பயனர் கணக்கில் நுழைந்து பார்ப்பது. வீட்டில் இன்னொருவர் கணக்கு ஏற்கெனவே இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டும், ஆனால் அதற்கு செட்டிங்ஸ் வேண்டுமே என்று கேட்பீர்கள். வேண்டாம். ரன் பெட்டியில் 'நெட்பிள்விஸ்' என்று தட்டினால் (என், இ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இசட்) பயனர்கள் பட்டியல் ஒன்று வரும், அங்கே 'ஆட்' பொத்தான் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும், அடியில் பொடி எழுத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் நுழைவதற்கான வழி இருக்கும், பரிந்துரைக்கவில்லை என்று பக்கத்திலேயே பயமுறுத்தியிருப்பார்கள், பரவாயில்லை, அதையே அழுத்தி லோக்கல் அக்கவுண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

புதுக் கணக்கில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தால் விண்டோஸ் நன்றாகவே இருக்கிறது, கோளாறு உங்கள் பழைய கணக்குக்குள்தான். புதுக் கணக்கிலும் அதே கதை என்றால் கோளாறு கணினி முழுவதுக்கும் பொதுவானது. இந்த ஒரு விஷயம் தெரிந்துவிட்டாலே பாதி அலைச்சல் மிச்சம்.

அதிகாரம் இல்லாத கணக்கு

மேலே சொன்ன நெட்பிள்விஸ் பட்டியலிலேயே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்தக் குழு என்று போட்டிருக்கும். உங்கள் பெயருக்கு எதிரே 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' என்று இருக்கிறதா, வெறும் 'யூசர்ஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். சாதாரணக் கணக்காக இருந்தால் சில அமைப்புகள் உங்களுக்கு மங்கலாகத்தான் தெரியும். கேடயப் படம் போட்ட எதைத் தொட்டாலும் அட்மின் கடவுச்சொல் கேட்கும். இது கோளாறு கிடையாது, விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் இப்படித்தான். கணினியை முதலில் செட்டப் செய்தவர் யாரோ அவர் கணக்குத்தான் அட்மின், அண்ணனோ அப்பாவோ, அவரைக் கூப்பிட்டுக் கடவுச்சொல்லைப் போடச் சொன்னால் முடிந்தது. குழந்தைகளுக்கென்று மைக்ரோசாஃப்ட் ஃபேமிலியில் சேர்த்த கணக்கும் இதே ரகம்தான், பெற்றோர் கணக்கிலிருந்துதான் அதைத் தளர்த்த முடியும்.

இதில் ஒரு கொடுமையான நிலை உண்டு. அனுமதி கேட்கும் பெட்டி வருகிறது, ஆனால் 'யெஸ்' பொத்தான் அழுத்தவே முடியாமல் இருக்கிறது, கடவுச்சொல் போடவும் இடம் இல்லை. அப்படி என்றால் அந்தக் கணினியில் இயங்கும் நிலையில் ஓர் அட்மின் கணக்குகூட இல்லை என்று அர்த்தம். இருந்த ஒரே அட்மின் கணக்கை யாரோ சாதாரணக் கணக்காக மாற்றிவிட்டார்கள், அல்லது முடக்கிவிட்டார்கள்.

இதற்கு இணையத்தில் சொல்லும் வைத்தியம் ஒன்று பரவலாகச் சுற்றுகிறது: ரிக்கவரி திரைக்குப் போய், அங்கே கட்டளை தட்டும் கறுப்புத் திரையான கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, 'நெட் யூசர்' கட்டளையால் உள்ளே ஒளிந்திருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை உயிர்ப்பிக்கச் சொல்வார்கள். கட்டளை வெற்றி என்றும் சொல்லும், ஆனால் ரீஸ்டார்ட் செய்து பார்த்தால் ஒன்றும் மாறியிருக்காது. காரணம், ரிக்கவரி திரை என்பது தனியாக ஓடும் ஒரு குட்டி விண்டோஸ், நீங்கள் மாற்றியது அந்தக் குட்டியின் கணக்கை, வன்தட்டில் இருக்கும் உங்கள் விண்டோஸை அது தொடவே இல்லை.

சரியான வழி சேஃப் மோட், அதாவது அடிப்படை வசதிகளோடு மட்டும் விண்டோஸ் எழும் நிலை. உள்நுழையும் திரையில் பவர் படத்தை அழுத்தி, ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரை ஒன்று வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், எண் பட்டியல் வந்ததும் 4 அழுத்துங்கள். எந்த நிறுவன டொமைனிலும் (ஒரு நிறுவனம் தன் கணினிகளைச் சேர்த்து நிர்வகிக்கும் வலையமைப்பு) சேராத வீட்டுக் கணினியில், இயங்கும் அட்மின் ஒருவர்கூட இல்லை என்றால், முடக்கி வைத்திருக்கும் அந்த உள் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை சேஃப் மோடில் மட்டும் விண்டோஸ் உள்ளே விடும். அதில் நுழைந்து, நெட்பிள்விஸ் திறந்து, உங்கள் கணக்கைத் தேர்ந்தெடுத்து, ப்ராப்பர்ட்டீஸ், க்ரூப் மெம்பர்ஷிப் வழியே அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கிவிட்டு, சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போகாதீர்கள். வன்தட்டு என்க்ரிப்ட் ஆகியிருந்தால் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியிருந்தால்) சேஃப் மோடுக்குப் போகும்போது, அதைப் பார்த்துக்கொள்ளும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். நான் எதையுமே என்க்ரிப்ட் செய்யவில்லையே என்று சொல்லாதீர்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட்டப் செய்த புதிய லேப்டாப்புகளில் அது தானாகவே நடந்திருக்கும், 2024ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும், கைபேசியில் அந்தக் கணக்குக்குள் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகு சேஃப் மோடில் கை வையுங்கள். சேஃப் மோடில் சில நேரம் நான்கு இலக்க பின் வேலை செய்யாது, முழுக் கடவுச்சொல் கேட்கும், அதையும் நினைவுபடுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டுமென்றே போட்ட பூட்டு

இனி பெரிய விஷயத்துக்கு வருவோம். கட்டுப்பாடு என்று சொல்லும் பெட்டி, 'டாஸ்க் மேனேஜரை உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் முடக்கியிருக்கிறார்' என்ற பெட்டி, 'ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் வசதியை முடக்கியிருக்கிறார்' என்ற பெட்டி, இந்த மூன்றும் ஒரே குடும்பம். இவை பாலிசி எனப்படும் கட்டுப்பாடுகள். அலுவலகத்திலும் கல்லூரி ஆய்வகத்திலும் நூறு கணினிகளை ஒரே ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக மைக்ரோசாஃப்டே கொடுத்த வசதிதான் இது. ஆனால் பாலிசி என்பது கடைசியில் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டில், எழுதி வைத்த ஒரு சின்ன மதிப்பு, அவ்வளவே. அதை அட்மின் அதிகாரம் கிடைத்த எந்த நிரலும் எழுதலாம். பென்டிரைவ் வழியே பரவிய பழைய வைரஸ்கள் முதல் வேலையாக டாஸ்க் மேனேஜரையும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரையும் இப்படித்தான் அடைத்தன, தங்களை யாரும் நிறுத்திவிடக் கூடாதே. இன்றைக்கு அதிகம் மாட்டுவது வேறு இடத்தில்: கணினியை வேகமாக்குகிறேன், மைக்ரோசாஃப்ட் உளவு பார்ப்பதைத் தடுக்கிறேன் என்று சொல்லும் டியூனிங் கருவிகள், இணையத்திலிருந்து எடுத்து ஓட்டும் ஸ்கிரிப்டுகள். ஒரு கிளிக்கில் ஐம்பது பாலிசியை மாற்றிவிட்டு அவை போய்விடும், அப்டேட்டும் தனியுரிமைப் பகுதியும் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று காட்டும்போதுதான் நமக்கே தெரியும்.

அதனால் பூட்டை உடைப்பதற்கு முன் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வரிசை முக்கியம், வைரஸை விட்டுவிட்டுப் பூட்டை எடுத்தால் அது மறுபடி போட்டுவிடும். ரன் பெட்டியில் 'விண்டோஸ்டிஃபெண்டர்:' என்று முக்காற்புள்ளியோடு தட்டினால், செட்டிங்ஸ் திறக்காவிட்டாலும் விண்டோஸ் செக்யூரிட்டி தனியாகத் திறக்கும். வைரஸ் பகுதியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும், சுமார் 15 நிமிடம் ஆகும். திறந்த வேலைகளையெல்லாம் முதலில் சேமித்துக்கொள்ளுங்கள், அது உங்களைக் காத்திருந்து கேட்காது.

அப்புறம் பூட்டு. ரன் பெட்டியில் 'வின்வெர்' தட்டினால் உங்களிடம் இருப்பது ஹோம் பதிப்பா ப்ரோ பதிப்பா என்று தெரியும். ப்ரோ என்றால் 'ஜிபிஎடிட்.எம்எஸ்சி' தட்டி க்ரூப் பாலிசி எடிட்டரைத் திறக்கலாம், ஹோமில் அது கிடையாது. திறந்ததும் யூசர் கன்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், கன்ட்ரோல் பேனல் என்று இறங்குங்கள். வலது பக்கம் 'ப்ரொஹிபிட் ஆக்சஸ் டு கன்ட்ரோல் பேனல் அண்ட் பிசி செட்டிங்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதை இரட்டைக் கிளிக் செய்து 'நாட் கன்ஃபிகர்டு' என்று வையுங்கள். 'டிசேபிள்டு' வைத்தாலும் திறந்துவிடும், ஆனால் அது தடை கூடாது என்று எதிர்ப்பக்கமாக ஒரு கட்டளையை எழுதி வைப்பது. நாட் கன்ஃபிகர்டு என்றால் எழுதியதையே அழித்துவிடும், சுத்தமான வேலை அதுதான். பிறகு வெளியேறி மறுபடி நுழையுங்கள். அதே எடிட்டரில் சிஸ்டம் பகுதிக்குள் போனால் டாஸ்க் மேனேஜருக்கும் ரெஜிஸ்ட்ரிக்கும் உள்ள பாலிசிகளும் கிடைக்கும்.

ஹோம் பதிப்புக்காரர்களுக்கு ரெஜிஸ்ட்ரிதான் வழி. பதற வேண்டாம், ஒரே ஒரு மதிப்பைத்தான் அழிக்கப்போகிறோம். ரன் பெட்டியில் 'ரெஜ்எடிட்' தட்டித் திறந்து, இடது பக்கத்தில் ஹெச்கீ கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், பாலிசீஸ், எக்ஸ்ப்ளோரர் என்று ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே இறங்குங்கள். எக்ஸ்ப்ளோரர் என்ற அந்த ஃபோல்டர் இல்லவே இல்லை என்றால் அந்த இடத்தில் பூட்டு இல்லை என்று பொருள். இருந்தால் அதை வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, வலது பக்கத்தில் 'நோகன்ட்ரோல்பேனல்' என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். அதன் மதிப்பு 1 என்றால் இதுதான் உங்களைத் தடுத்த ஆள், அழித்துவிடுங்கள். பிறகு இதே பாதையை ஹெச்கீ லோக்கல் மெஷின் அடியிலும் ஒருமுறை பாருங்கள். அங்கே 'செட்டிங்ஸ்பேஜ்விசிபிலிட்டி' என்று ஒன்று இருந்தால், செட்டிங்ஸ் திறந்தும் சில பக்கங்கள் மட்டும் காணாமல் போனதற்கு அதுதான் காரணம்.

டாஸ்க் மேனேஜர் பூட்டு, அதே பாலிசீஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம் என்ற ஃபோல்டரில் 'டிசேபிள்டாஸ்க்எம்ஜிஆர்' என்ற பெயரில் இருக்கும். இங்கே கவனம் தேவை. லோக்கல் மெஷின் அடியில் இருக்கும் அந்த சிஸ்டம் ஃபோல்டரில்தான், அனுமதி கேட்கும் பெட்டி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விஷயங்களும் இருக்கின்றன. எரிச்சலில் ஃபோல்டரையே மொத்தமாக அழித்துவிட்டு வந்தால் புதிதாக ஒரு தலைவலியைச் சம்பாதித்துக்கொள்வீர்கள். அழிக்க வேண்டியது அந்த ஒரு வரி மட்டும்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரையே பூட்டியிருந்தால்? அந்தப் பூட்டு ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாகப் போடுவது, ஆகவே இன்னோர் அட்மின் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் எடிட்டர் திறந்துவிடும். அங்கிருந்து ஹெச்கீ யூசர்ஸைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் லோட் ஹைவ் கொடுத்து, உங்கள் பழைய கணக்கின் ஃபோல்டரில் மறைந்திருக்கும் 'என்டியூசர்.டாட்' கோப்பை ஏற்றி, அதே பாதையில் போய்ப் பூட்டை எடுக்கலாம். பழைய கணக்கு முழுதாக வெளியேறியிருந்தால்தான் ஏறும், வேலை முடிந்ததும் அன்லோட் ஹைவ் கொடுக்க மறக்காதீர்கள். இது கொஞ்சம் நுணுக்கமான வேலை, கை நடுங்கினால் விட்டுவிடுங்கள், கோப்புகளைப் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டு போவது அதைவிட நிம்மதி.

அழித்த மதிப்பு கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டதா? அப்படியென்றால் யாரோ பின்னாலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். வைரஸ் இல்லை என்று உறுதியாகிவிட்டால் மிச்சம் இருப்பது நிறுவன நிர்வாகம். டொமைனில் சேர்ந்த கணினிகள் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரிடம் பாலிசியைச் சரிபார்த்துக்கொள்ளும், நீங்கள் அழித்தது மறுபடி வந்துவிடலாம்.

'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்றால் எந்த நிறுவனம்?

சொந்தக் காசில் வாங்கிய லேப்டாப்பில் இந்த வரியைப் பார்த்துப் பலர் திகைக்கிறார்கள். டியூனிங் கருவியின் வேலை என்பது ஒரு காரணம், மேலேயே சொன்னேன். இன்னொரு காரணத்தை நாமே அழைத்து வந்திருப்போம். கல்லூரியோ அலுவலகமோ கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் டீம்ஸிலோ வேர்டிலோ நுழையும்போது, இந்தச் சாதனத்தை நிர்வகிக்க என் நிறுவனத்தை அனுமதி என்று ஒரு பெட்டி டிக் போட்டபடியே வரும். அவசரத்தில் ஓகே அழுத்திவிட்டால், அந்த நிறுவனம் எப்படி அமைத்திருக்கிறதோ அதைப் பொறுத்து உங்கள் சொந்தக் கணினியே அவர்கள் நிர்வாகத்துக்குள் போய்விடும். டிக்கை எடுத்துவிட்டு, 'இந்தச் செயலிக்கு மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல் என்ற இடத்துக்குப் போனால் ஒட்டிக்கொண்டிருக்கும் கணக்கு தெரியும். படிப்பு முடிந்துவிட்டது, வேலை மாறிவிட்டீர்கள் என்றால் டிஸ்கனெக்ட் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அந்தக் கணக்கின் ஒன்டிரைவில் உள்ள கோப்புகளை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்குள் நுழைவதே அந்தக் கணக்கால்தான் என்றால் முதலில் தனியாக ஒரு லோக்கல் அட்மின் கணக்கை உருவாக்கி, அதில் நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே நிற்பீர்கள். செட்டிங்ஸ் திறக்கவே இல்லையா, கமாண்ட் ப்ராம்ப்டில் 'டிஎஸ்ரெக்சிஎம்டி' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு '/ஸ்டேட்டஸ்' போடுங்கள். மேலே வரும் வரிகளில் 'அஸ்யூர்ஏடிஜாயின்டு', 'டொமைன்ஜாயின்டு' இரண்டில் எதற்காவது எதிரே யெஸ் என்று இருந்தால் கணினி ஒரு நிறுவனத்தோடு கட்டுண்டு கிடக்கிறது.

அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அது அவர்கள் பொருள், பூட்டும் அவர்களுடையது. ஐடி ஆட்களிடம் டிக்கெட் போடுவதுதான் வழி, மேலே சொன்ன எதையும் அதில் முயன்றால் வேலைக்கே சிக்கல் வரலாம்.

சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் செகண்ட் ஹேண்டாக லேப்டாப் வாங்குகிறவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். சந்தைக்கு வரும் பழைய லேப்டாப்புகளில் நிறுவனங்கள் கழித்துவிட்டவை ஏராளம். நல்ல தரமாக இருக்கும், விலையும் குறைவு, வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் நிறுவனங்கள் தங்கள் கணினிகளை ஆட்டோபைலட் என்ற சேவையில் பதிவு செய்து வைத்திருப்பார்கள். பதிவாவது வன்தட்டில் அல்ல, மைக்ரோசாஃப்டின் சர்வரில், அந்தக் கணினியின் உறுப்புகளிலிருந்து எடுத்த ஓர் அடையாளமாக. விற்கும்போது அதை நீக்க மறந்திருந்தால், ஃபார்மட் போட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றினாலும், செட்டப்பின்போது இணையம் கிடைத்தவுடன் முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து, அவர்கள் ஊழியர் கணக்கைக் கேட்டு நிற்கும். ஃபார்மட் போட்டும் திரும்பி வரும் என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான். இணையம் இல்லாமல் செட்டப் செய்து தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், அடுத்த ரீசெட்டில் அது மறுபடி வந்து நிற்கும். உண்மையான தீர்வு ஒன்றுதான், பழைய நிறுவனம் தன் பட்டியலிலிருந்து அந்தச் சாதனத்தை நீக்க வேண்டும். அதைச் செய்துதர விற்றவரிடம் கேளுங்கள், முடியாது என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வாங்குவதற்கு முன்னாலேயே கடையில் வைத்து ஒரு ரீசெட் போடச் சொல்லி, கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, செட்டப்பின் முதல் சில திரைகளைப் பார்த்துவிட்டால் இந்த வம்பே இல்லை. அப்படியே பயாஸுக்குள்ளும் (விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்பு) போய்ப் பாருங்கள், கடவுச்சொல் கேட்டால் அதை எடுத்துத் தரும்வரை காசை எடுக்காதீர்கள்.

செயலியே பழுது என்றால்

கட்டுப்பாட்டுப் பெட்டி எதுவும் இல்லை, அட்மின் கணக்குத்தான், ஆனாலும் செட்டிங்ஸ் வருவதில்லை அல்லது வந்து உறைந்து நிற்கிறது. முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பட்டியலில் செட்டிங்ஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். மூடிய பிறகும் அது பின்னால் தூங்கிக்கொண்டிருக்கும், சில நேரம் எழாது. எண்ட் டாஸ்க் கொடுத்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். அடுத்தது, ஸ்டார்ட் மெனுவில் செட்டிங்ஸ் என்று தேடி, வரும் பெயரை வலது கிளிக் செய்தால் ஆப் செட்டிங்ஸ் என்று ஒன்று வரும். அது திறந்தால் உள்ளே டெர்மினேட், ரிப்பேர், ரீசெட் எல்லாம் இருக்கும். முதலில் ரிப்பேர், அதில் தீராவிட்டால் ரீசெட். திறக்கவே திறக்காத ஆளிடம் போய் இதைக் கேட்பது வேடிக்கைதான், ஆனாலும் முதல் பக்கத்தில் உறைகிற செட்டிங்ஸ் இந்தக் குறுக்கு வழியில் சில நேரம் திறந்துவிடுகிறது.

இது போதவில்லை என்றால் விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்க வேண்டும். ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து, அட்மின் என்று அடைப்புக்குள் போட்டிருக்கும் டெர்மினல் அல்லது பவர்ஷெல்லைத் திறந்து, முதலில் 'டிஐஎஸ்எம்', இடைவெளி, '/ஆன்லைன்', இடைவெளி, '/க்ளீனப்-இமேஜ்', இடைவெளி, '/ரிஸ்டோர்ஹெல்த்' என்று ஒரே வரியில் தட்டுங்கள். பழுதில்லாத கோப்புகளை இது விண்டோஸ் அப்டேட் வழியாக இறக்கும், ஆகவே இணையம் வேண்டும். பாதியில் ஒரே எண்ணில் நின்றுவிட்டது மாதிரித் தெரியும், டீ குடித்துவிட்டு வாருங்கள், மூடிவிடாதீர்கள். அது முடிந்ததும் 'எஸ்எஃப்சி', இடைவெளி, '/ஸ்கேன்நவ்'. முதல் கட்டளை மாற்று உதிரிபாகக் கிடங்கைச் சரிசெய்கிறது, இரண்டாவது அந்தக் கிடங்கிலிருந்து எடுத்துப் பழுதான கோப்பை மாற்றுகிறது, அதனால்தான் இந்த வரிசை. ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பாருங்கள்.

ஆரம்பத்தில் சொன்ன புதுக் கணக்குச் சோதனையில் அங்கே மட்டும் செட்டிங்ஸ் நன்றாகத் திறந்திருந்தால், இந்தக் கட்டளைகளோடு மல்லுக்கட்டாதீர்கள். உங்கள் ப்ரொஃபைல் கெட்டிருக்கிறது, அதைச் சரிசெய்யப் பார்ப்பதைவிடப் புதுக் கணக்குக்குக் குடிபோவது சுலபம். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பழைய பெயரில் இருக்கும் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் இவற்றை மட்டும் நகலெடுங்கள். மறைந்திருக்கும் என்டியூசர் கோப்புகளையும் ஆப்டேட்டாவையும் அப்படியே இழுத்து வந்தால் கெட்டுப்போனதும் கூடவே வரும். ப்ரவுசரின் புக்மார்க்குகளையும் சேமித்த கடவுச்சொற்களையும் பழைய கணக்கிலிருந்தே ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

எல்லாம் திறக்கிறது, ஆனால் எந்த மென்பொருளை நிறுவப்போனாலும் ஸ்டோரில் இருப்பதை மட்டும்தான் போட முடியும் என்று சொல்கிறது, கமாண்ட் ப்ராம்ப்ட்கூட ஓடவில்லை, இப்படி ஒரு ரகமும் உண்டு. புது லேப்டாப்பில் இதைப் பார்த்தால் எஸ் மோட் என்று சந்தேகப்படுங்கள், குறைந்த விலை மாடல்கள் சிலவற்றை அப்படித்தான் விற்கிறார்கள். அந்த நிலையில் கமாண்ட் ப்ராம்ப்ட், பவர்ஷெல், ரெஜிஸ்ட்ரி எடிட்டர் எதுவும் ஓடாது. செட்டிங்ஸின் ஆக்டிவேஷன் பக்கத்தில் ஸ்டோருக்குப் போகும் இணைப்பு இருக்கும், அதன் வழியே இலவசமாக வெளியேறலாம். வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது, போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது என்பது என் எண்ணம்.

எதுவுமே நடக்கவில்லை என்றால்

ஃபார்மட்டுக்கு முந்தைய படி ஒன்று இருக்கிறது, கடைக்காரர்கள் பலர் இதைச் சொல்வதே இல்லை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் முழு நகல்) இறக்கி, அதை இரட்டைக் கிளிக் செய்து, உள்ளே இருக்கும் 'செட்அப்' கோப்பை விண்டோஸுக்குள்ளிருந்தே ஓட்டுங்கள். எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் இடத்தில் கோப்புகளும் செயலிகளும் என்பதைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் பொருள் எதையும் தொடாமல் விண்டோஸின் கோப்புகளை மட்டும் புதிதாகப் போட்டுவிடும். இறக்கும் ஐஎஸ்ஓ உங்கள் பதிப்பாகவும் உங்கள் விண்டோஸின் மொழியாகவும் இருக்க வேண்டும், இங்கிலாந்து ஆங்கிலம் போட்ட கணினியில் அமெரிக்க ஆங்கில ஐஎஸ்ஓவை வைத்தால் செயலிகளை வைத்துக்கொள்ளும் வாய்ப்பு மங்கிவிடும். சி டிரைவில் தாராளமாக இடம் இருக்கட்டும், சார்ஜர் செருகியே இருக்கட்டும். பழுதான செயலிக்குத்தான் இந்த வைத்தியம், பாலிசிப் பூட்டை எடுக்க இதை நம்பாதீர்கள்.

அதிலும் தீராவிட்டால் ரீசெட் திஸ் பிசி. செட்டிங்ஸ் இல்லாமலே, ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் வரும் அதே நீலத் திரையில் ட்ரபிள்ஷூட்டுக்குள் இருக்கிறது. 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் உங்கள் கோப்புகள் தப்பும், ஆனால் நீங்கள் நிறுவிய மென்பொருள் எல்லாம் போய்விடும். டேலி, போட்டோஷாப், தமிழ் எழுத்துருக்கள், பிரிண்டர் டிரைவர் என்று எதையெல்லாம் மறுபடி போட வேண்டும், அவற்றின் உரிம எண்கள் கையில் இருக்கின்றனவா என்று முன்பே பாருங்கள். கோப்புகள் தப்பும் என்று அது சொன்னாலும் வெளி வன்தட்டில் ஒரு நகல் எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டு, பிட்லாக்கர் எண் எழுதிய தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.